பழைய இசைத்தட்டை எப்போது போடுவது?

பெர்லினில் நொய்கோல்ன் பக்கம் ஒரு சின்ன பாரில் மாதம் ஒரு வியாழக்கிழமை டிஜேயாக நிற்கிறேன். நூறு பேர் வந்தாலே மூச்சு முட்டும். அதில் ஏழெட்டுப் பேர், 1991-ல் பழைய வெர்ட்ஹைம் கடையின் பெட்டக அறையில் ட்ரெசோர் என்ற டெக்னோ கிளப் திறந்த காலத்திலிருந்து ஆடுகிறவர்கள். மீதிப் பேரில் பாதி அப்போது பிறக்கவே இல்லை. இரண்டு கூட்டமும் கலையாமல் இருக்க நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் மனப்பாடமான ட்ராக்கை உச்ச நேரத்தில் போடாதீர்கள். நான் போட்டேன். இரவு இரண்டு மணி, டெட்ராய்ட் டெக்னோ கலைஞர் ஜெஃப் மில்ஸின் 'தி பெல்ஸ்'. கூரை போய்விடும் என்று பயந்தேன். அடுத்து, அந்த வாரம் வாங்கிய புது ட்ராக். ஐந்தே நிமிடத்தில் பாதிக் கூட்டம் பியருக்கு வரிசையில் நின்றது. புது ட்ராக் நல்ல ட்ராக்தான். அத்தனை வருட நினைவைச் சுமந்து வருகிற ஒன்றுக்குப் பின்னால் எதைப் போட்டாலும் சப்பென்றுதான் இருக்கும்.

அதனால் இப்போது பழையதெல்லாம் முதல் மணி நேரத்தில். அதுவும் பிரபலமான பக்கத்தை விட்டுவிட்டு, தட்டைத் திருப்பிப் போடுவேன். கேட்பவர்களுக்கு அது பழசா புதுசா என்றே தெரியாது.

இதில் வேக லாபமும் உண்டு. என்னிடமுள்ள டெட்ராய்ட் தட்டுகள் பெரும்பாலும் 125, 130 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை தாளத் தட்டு. இன்றைய ஹார்ட் டெக்னோ 140-க்கு மேல் ஓடுகிறது. பழைய டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளில் பிட்ச், அதாவது தட்டு சுழலும் வேகம், 8 சதவீதம்தான் ஏறும். 126-ஐ முழுதாக ஏற்றினாலும் 136 தான். 6 சதவீதத்திலேயே ஸ்தாயி ஏறக்குறைய அரைச்சுரம் கூடிவிடும். வெறும் டிரம் என்றால் பாதகமில்லை. பியானோவோ குரலோ இருந்தால் அணில் கத்துவது போலாகிவிடும். எல்லாமே மெதுவாக ஓடுகிற செட்டின் தொடக்கத்தில் இந்தத் தலைவலியே இல்லை.

அப்புறம் ஒலி அளவு. பழைய தட்டு புது ஃபைலைவிட மெலிதாகக் கேட்கும். மிக்சரில் ஃபேடரை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபட்டி) ஏற்றுவதற்கு முன்பே, மீட்டரைப் பார்த்து கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவு) கூட்டுங்கள். அடி ஒலியான பேஸ் ஒரு நேரத்தில் ஒரு ட்ராக்கிலிருந்து மட்டும் வரட்டும். எந்தப் பழசுக்கு எந்தப் புதுசு ஜோடி என்பதை வீட்டிலேயே பாருங்கள். நான் 909 டிரம் மெஷினின் ஹை-ஹாட் (ஜால்ரா போன்ற சத்தம்) இரண்டிலும் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, நேயர் விருப்பம் வந்தால்? பழைய ஆட்களில் ஒருவர் மாதாமாதம் 1987-ன் டெட்ராய்ட் ட்ராக் 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' கேட்பார். "ட்ரெசோர் லேபிளின் முதல் தட்டு எக்ஸ்-101 வந்தபோது அதையும் புதுசாகத்தானே கேட்டீர்கள்?" என்பேன். சிரித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்பார். போன மாதம் போட்டேன். விளக்கெல்லாம் எரிந்து, தரையைக் கூட்ட ஆரம்பித்த பிறகு. அதற்குப் பின்னால் எதையும் போட வேண்டியிருக்கவில்லை.