வானிலை மாதிரியின் வெளியீட்டுக் கோப்புகளைச் சுருக்குவது எப்படி?

டபிள்யூஆர்எஃப் (WRF) என்ற வானிலைக் கணிப்பு மாதிரியைக் கணினியில் ஓட்டப் பழகும்போது முதலில் தீர்ந்துபோவது டிஸ்க் இடம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300-க்கு 300 கட்டங்கள், 45 அடுக்குகள் என்றால் வெப்பநிலை போன்ற ஒரு மாறிக்கு 40,50,000 எண்கள். எண்ணுக்கு 4 பைட் வீதம் 16.2 எம்பி. மூன்று நாள் ஓட்டத்தை மணிக்கொரு முறை எழுதினால் 73 நேரங்கள், அதாவது ஏறத்தாழ 1.2 ஜிபி. இருபது மாறிகளுக்கு 24 ஜிபி!

படி 1: வேண்டாத மாறியை எழுதவே விடாதீர்கள். எதை விடலாம் என்று ஓர் உரைக்கோப்பில் பட்டியலிட்டு, அந்தக் கோப்பின் பெயரை நேம்லிஸ்டில் (மாதிரியின் அமைப்புக் கோப்பில்) கொடுத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: டபிள்யூஆர்எஃப் அழுத்தத்தை அடிப்படை மதிப்பு, விலகல் என்று இரண்டு மாறிகளாகப் பிரித்து எழுதும். ஒன்றை நீக்கினால் முழு அழுத்தம் கிடைக்காது.

படி 2: இழப்பில்லாச் சுருக்கம், அதாவது எந்த எண்ணும் மாறாமல் சுருக்குவது. மாதிரி எழுதும் நெட்சிடிஎஃப் வகைக் கோப்புகளை நகலெடுக்கும் என்சிகாப்பி (nccopy) கருவியில் நெட்சிடிஎஃப்-4 வகை, சுருக்க அளவு 1, ஷஃபிள் (பைட்டுகளை இடம் மாற்றி அடுக்குவது) மூன்றையும் கொடுங்கள். அளவு 9 வரை போகலாம். நேரம்தான் கூடும், கோப்பு பெரிதாகக் குறையாது. ஷஃபிளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், எண்களின் முதல் பைட்டுகளை ஓரிடத்தில் சேர்த்தால் ஒரே பைட் வரிசையாக வரும். அது நன்றாகச் சுருங்கும்.

படி 3: பொய்யான துல்லியத்தை வெட்டுங்கள். அதிக இடம் மிச்சமாவது இங்கேதான். 302.47 கெல்வின் என்ற எண்ணை 32 பிட்டில் வைத்தால் 0.00003 வரை வேறுபாடு பதிவாகும். எந்த மாதிரியும் அவ்வளவு சரியாகச் சொல்லாது. அந்தக் கடைசி பிட்டுகள் வெறும் இரைச்சல், இரைச்சல் சுருங்காது. நெட்சிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் என்சிஓ (NCO) தொகுப்பின் என்சிகேஎஸ் (ncks) கருவியில் மாறிவாரியாகத் துல்லியம் சொல்லலாம். ஆனால் முக்கிய இலக்கம் (எண்ணின் முதல் இலக்கத்திலிருந்து எண்ணுவது) வேறு, தசம இலக்கம் (புள்ளிக்குப் பின் எண்ணுவது) வேறு. வெப்பநிலைக்கு மூன்று முக்கிய இலக்கம் என்றால் 302.47 வெறும் 302 ஆகிவிடலாம். அரை டிகிரி போச்சு. ஆகவே கெல்வினுக்கு இரண்டு தசம இலக்கம் கேளுங்கள். ஈரப்பதம் மேலே போகப்போக ஆயிரம் மடங்குகூடக் குறையும். அதற்கு முக்கிய இலக்கம்தான் சரி.

அப்புறம், மூலக்கோப்பை அழிக்கும் முன் அதே தொகுப்பின் என்சிடிஃப் (ncdiff) கருவியால் மூலக்கோப்பிலிருந்து சுருக்கிய கோப்பைக் கழித்து, ஒவ்வொரு மாறியிலும் மிகப் பெரிய வேறுபாட்டைப் பாருங்கள். ஓட்டத்தைத் தொடர வைத்திருக்கும் ரீஸ்டார்ட் கோப்புகளில் மூன்றாம் படியைச் செய்யவே கூடாது. அங்கே கடைசி பிட் வரை அப்படியே இருக்கட்டும்.