பள்ளிச் சிற்றுண்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு பள்ளி வாசலில் காலை இடைவேளை நேரத்தில் நின்று பார்த்தால், கேட் கம்பிக்கு வெளியே பத்து ரூபாயை நீட்டும் பிள்ளைகள் எதை வாங்குகிறார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். நூடுல்ஸ் பாக்கெட்டைக் கையாலேயே நொறுக்கி, மசாலாப் பொடியை அதற்குள் கொட்டிக் குலுக்கி, வேகவைக்காமல் அப்படியே தின்கிறார்கள். தொண்டை வறண்டதும் மாம்பழ பானம் வாங்குகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தபோது இதைத் தடுக்க முயன்று, நல்லெண்ணத்தோடு நாங்கள் செய்த தவறுகள் சில உண்டு. பிற பள்ளிகளிலும் அவையே நடப்பதைக் காண்பதால் எழுதுகிறேன்.

விதி கேன்டீனுக்கு மட்டுமே பொருந்தும் என்று நினைப்பது முதல் தவறு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. ராயபுரத்துச் சந்துகளில் 50 மீட்டர் என்றால் நான்கைந்து பெட்டிக்கடைகள் அதற்குள் வந்துவிடும். அந்தப் பண்டங்களின் விளம்பரத்துக்கும் இதே தடை உண்டு. ஆகவே விளையாட்டு விழாவுக்குக் குளிர்பான நிறுவனம் பேனர் கட்டித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

பாக்கெட்டின் பின்புறத்தைப் படிப்பதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறோம். அட்டவணையில் உள்ள அளவு பெரும்பாலும் 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோ உரியது. பிள்ளையோ முழு பாட்டிலையும் குடித்து முடிக்கிறது. 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 200 மில்லி பாட்டிலில் இருப்பது 26 கிராம், அதாவது ஆறரைத் தேக்கரண்டி. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,700 கலோரி தேவை என்று கொண்டால், அந்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரையிலிருந்து வரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு ஏறத்தாழ 42 கிராம். ஐந்து சதவீதத்துக்குள் நிறுத்துவது இன்னும் நல்லது என்கிறது, அது 21 கிராம்தான். ஒரே பாட்டிலில் அந்த அளவு தாண்டிவிடுகிறது. உப்பு 'சோடியம்' என்ற பெயரில் அச்சாகியிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு கிடைக்கும். சோடியம் 840 மில்லிகிராம் உள்ள நூடுல்ஸ் பாக்கெட்டைத் தின்ற பிள்ளை 2.1 கிராம் உப்பைத் தின்றிருக்கிறது; பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

பெயரை நம்புவதும் தவறு. பழ பானம் என்று விற்க, பொதுவாகப் பத்து சதவீதம் பழச்சாறு இருந்தாலே போதும், எலுமிச்சைக்கு ஐந்து. வெல்லம் போட்டது என்பதற்காக அளவில்லாமல் கொடுப்பதும் அப்படித்தான், ஏனெனில் வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரையே. கடலை மிட்டாயில் வேர்க்கடலையின் புரதம் இருப்பதால் சிப்ஸைவிட அது மேல். ஆனாலும் ஒரு துண்டோடு நிறுத்த வேண்டும்.

சீல் வைத்த பாக்கெட் நல்லது, தள்ளுவண்டிப் பண்டம் கெட்டது என்று பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. சுத்தம் வேறு, சத்து வேறு. சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024-இல் தடை செய்தது சரியான நடவடிக்கை. ஆனால் வேகவைத்த சுண்டலைத் தூக்கில் கொண்டுவந்து விற்கும் அம்மாவை விரட்டிவிட்டு, அந்த இடத்தில் சிப்ஸ் சரம் தொங்கவிட்டால் பிள்ளைக்கு என்ன லாபம்? அவரிடம் செய்தித்தாளில் மடித்துத் தராமல் தொன்னையில் தரச் சொன்னால் போதும்; அச்சு மை உணவில் படக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தடை போட்டுவிட்டு மாற்று வைக்காமல் இருப்பது. காலையில் வெறும் டீயோடு வந்த பிள்ளைக்குப் பதினோரு மணிக்குப் பசிக்கும். அந்தப் பசி சுற்றறிக்கைக்குக் கட்டுப்படாது. பத்து ரூபாய்க்குள் சுண்டல், அவித்த வேர்க்கடலை, வாழைப்பழம், மோர் ஆகியவை வாசலுக்குள்ளேயே கிடைக்க வேண்டும். கேழ்வரகுக் கூழ் வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பழகிய ருசி என்பதால் அதையும் தயங்காமல் சேர்க்கலாம். விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்வது பள்ளியின் பொறுப்பு.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அறிந்த ஒரு பள்ளியில் குளிர்பானம் ஏன் இவ்வளவு விற்கிறது என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன். "பைப்புல தண்ணி உப்பு கரிக்குது மிஸ்" என்றாள். சுத்திகரிப்புக் கருவி பழுதாகிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. நாங்களோ அதுவரை கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கருவியைச் சரிசெய்து, குழாயடியில் நான்கு டம்ளர்களைச் சங்கிலியில் கட்டி வைத்த பிறகு, இடைவேளையில் அங்கே வரிசை நிற்கத் தொடங்கியது.