கடற்போர் அத்தியாயத்துக்கு ஓர் அம்புக்குறி

பாய்மரக் கப்பல் கால நாவல்களில் கடற்போர் தொடங்கும் பக்கத்தில், ஒரு துண்டுத் தாளில் முதலில் காற்றை அம்புக்குறியாக வரைந்துகொண்டு, பிறகு கப்பல்களைப் பென்சிலால் குறித்தபடி படியுங்கள். சதுரப் பாயைக் குறுக்குவாக்கில் கட்டிய போர்க்கப்பலால் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 67 பாகைக்குள் செல்ல இயலாது என்பதால், எந்தக் கப்பல் பாய்ந்து தாக்கலாம், எது காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏறியாக வேண்டும் என்பதை அந்த ஓர் அம்பே சொல்லிவிடும். முன்பக்கங்களைப் புரட்டித் தேடும் வேலை மிச்சமாகும். 1805 அக்டோபர் 21 அன்று ஸ்பெயின் கரையோரம் டிராஃபல்கரில் நடந்த கடற்போரில் மேற்கிலிருந்து வீசிய மெல்லிய காற்றை வரைந்து பாருங்கள்: பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் இரு கப்பல் வரிசைகளும் காற்றோடு வந்து பிரெஞ்சு-ஸ்பானிய எதிரி வரிசையின் நடுவையும் பின்பகுதியையும் ஊடறுத்தபோது, முன்னால் சென்ற பிரெஞ்சுக் கப்பல்கள் திரும்பி உதவிக்கு வர ஏன் அத்தனை நேரம் பிடித்தது என்பது உடனே விளங்கும். தெற்கிலிருந்து வருவது தென்றல் என்பதுபோல், மேல்காற்று மேற்கிலிருந்து வருவது; அம்பைத் தலைகீழாகப் போட்டால் போர் முழுவதுமே குழம்பிவிடும்.

காற்று அறவே நின்றுபோய்ப் படகுகள் கப்பலை இழுக்கும் காட்சிகளிலும், துடுப்பால் செல்லும் ‘கேலி’ (galley) வகைக் கப்பல்களிலும் இது உதவாது. நீளவாக்கில் பாய் கட்டிய ஸ்கூனர், கட்டர் வகைக் கப்பல்கள் காற்றை இன்னும் நெருங்கிச் செல்லும் என்பதால், அவற்றுக்கு 67 பாகைக் கணக்கு பொருந்தாது.