திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொன்ன பிறகு நடக்கும் தவறுகள்

பூர்வகுடிகளின் பொருளைத் திருப்பித் தர அருங்காட்சியகம் சம்மதித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பாதிச் சொதப்பல் அதற்கு அப்புறம்தான்.

முதல் தவறு, நிபந்தனை போடுவது. கனடாவின் ஹைஸ்லா மக்களுடைய நினைவுக் கம்பம் ஒன்று, பெரியம்மைக்குச் சொந்தங்களைப் பறிகொடுத்த தலைவர் ஒருவருக்காக 1872-ல் செதுக்கியது, 1929-ல் வெட்டி ஸ்வீடனுக்குக் கொண்டுபோகப்பட்டது. 1994-ல் ஸ்வீடன் அரசு சரி என்றது, கம்பம் ஊர் வந்து சேர்ந்தது 2006-ல்! ஹைஸ்லாக்கள் பதிலுக்குப் புதுக் கம்பமே செதுக்கிக் கொடுத்தார்கள், அப்படியும் பழையதைப் பாதுகாக்கத் தனிக் கட்டடம் வேண்டும் என்று ஸ்வீடன் தரப்பு நிபந்தனை போட்டதால் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அவர்கள் வழக்கப்படி அந்தக் கம்பம் தானாகச் சாய்ந்து மண்ணோடு மக்க வேண்டியது. அமெரிக்காவின் ஜூனி மக்கள் மரத்தில் செதுக்கும் அஹயுடா உருவங்களும் அப்படித்தான், வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்குவதற்காகவே திறந்தவெளியில் வைக்கப்படுபவை. "எங்களிடம் இருந்ததால்தான் பிழைத்தது" என்று ஜூனிகளிடம் போய்ப் பெருமை பேசினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது பூச்சிமருந்து, இதைத்தான் நான் மோசமானது என்பேன். தோல், இறகு, மயிர் உள்ளவற்றைப் பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் ஆர்சனிக், பாதரசக் கலவைகளைப் பூசினார்கள், பதிவேட்டில் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களுக்குத் திரும்பி வந்தவை சடங்கில் கையில் எடுப்பவை, முகத்தில் அணிபவை, அவற்றில் ஆர்சனிக் இருந்தது. பரிசோதித்து, முடிவை எழுத்தில் கொடுத்த பிறகுதான் பொருளையே கொடுக்க வேண்டும்.

மனித உடல் எச்சங்களைச் சிலை, பானை மாதிரி நடத்துவது இன்னொன்று. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரிகளுடைய பச்சை குத்திய தலை ஒன்றைத் திருப்பித் தர பிரான்சின் ரூவான் நகரம் 2007-ல் முடிவெடுத்தது, அது அரசுச் சேகரிப்பு, தர முடியாது என்று கலாச்சார அமைச்சகம் தடுத்தது, 2010-ல் தனிச் சட்டமே போட்டு 2011-ல்தான் கொடுத்தார்கள்.

"எந்தக் குலம் என்று நிரூபியுங்கள்" என்று கேட்பதும் கூடாது. இந்தத் தலைகளில் பல துப்பாக்கிக்குப் பண்டமாற்றாகக் கைமாறியவை, வாங்கியவர்கள் யாருடையது என்று குறித்துவைக்கவில்லை. 2003 முதல் நியூசிலாந்து அரசின் சார்பில் தே பாப்பா அருங்காட்சியகம் இவற்றைத் திரும்பப் பெற்று, காட்சிக்கு வைக்காமல் தனியிடத்தில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் குலத்தைத் தேடுகிறது.