எந்த வேலை முதலில்? வடிவமைப்புக்குச் சார்பு அணி போடும் முறை

கப்பலூரில் நாங்கள் நிலக்கடலை உடைக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தபோது, மோட்டார் முடிவாகும் முன்பே சட்டத்தை வெல்டிங் செய்துவிட்டோம். பிறகு மோட்டாரின் போல்ட் துளைகள் பொருந்தாமல், சட்டத்தை அறுத்து மறுபடியும் பற்றவைக்க நேர்ந்தது. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை முன்பே எழுதிப் பார்த்திருந்தால் அந்த இரும்பு வீணாகியிருக்காது. எந்த வேலை எதைச் சார்ந்தது என்று காட்டும் இந்தச் சார்பு அணி முறையை டொனால்ட் ஸ்டீவர்ட் என்ற ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்.

முதலில் வேலைகளைப் பட்டியலிடுங்கள்: மணிக்கு எத்தனை கிலோ என்ற இலக்கு, சல்லடை, ஊதி (தோலை ஊதித் தள்ளும் விசிறி), உருளை, ஷாஃப்ட் (உருளையைச் சுழற்றும் தண்டு), மோட்டார், சட்டம். அதே வரிசையில் நிரைகளிலும் (கிடைவரிசை) நிரல்களிலும் (செங்குத்து வரிசை) எழுதி ஒரு சதுர அணி வரையுங்கள். ஒரு வேலையைத் தொடங்க வேறு எந்த வேலைகளின் முடிவு தேவையோ, அவற்றின் நிரல்களை அந்த வேலையின் நிரை சந்திக்கும் இடங்களில் புள்ளி வையுங்கள். மோட்டாரின் நிரையில் உருளைக்கும் ஊதிக்கும் புள்ளி விழும். அந்தந்த வேலையைச் செய்பவரிடமே சென்று, "உங்களுக்கு என்ன தெரிந்தால் தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். அணியின் தரம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது; மேசையில் அமர்ந்து ஊகித்த புள்ளிகளில் பாதி பிழையாக இருக்கும் என்பது என் அனுபவம்.

இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போகும் மூலைவிட்டத்துக்குக் கீழே உள்ள புள்ளி, தேவையான தகவல் முன்பே தயார் என்கிறது. மேலே உள்ள புள்ளி, இனிமேல் வரவேண்டிய தகவலை இப்போதே கேட்கிறது. மேலே உள்ளவற்றைக் குறைக்க வேலைகளை இடம் மாற்ற வேண்டும். நிரையில் புள்ளியே இல்லாத வேலையை முன்னே வைத்து, அதன் நிரையையும் நிரலையும் அடித்துவிட்டு, மீதியில் அதே போலத் தேடுங்கள். நிரலில் புள்ளி இல்லாத வேலை கடைசிக்குப் போகும்; எங்கள் அணியில் சட்டம் அப்படித்தான் இறுதிக்குப் போனது. ஒன்றையொன்று கேட்காத சல்லடையையும் ஊதியையும் இருவர் ஒரே நேரத்தில் செய்யலாம்.

எவ்வளவு மாற்றினாலும் சில வேலைகள் வளையமாகவே நிற்கும். ஷாஃப்ட்டின் விட்டத்துக்கு மோட்டாரின் திறன் வேண்டும், உருளைக்கு ஷாஃப்ட்டின் விட்டம் வேண்டும், மோட்டாருக்கோ உருளையின் சுமை வேண்டும். இம்மூன்றையும் ஒரே கட்டமாக்கி, ஓர் இடத்தில் ஊகத்தால் வளையத்தை உடைக்க வேண்டும். ஊகம் தவறினாலும் சேதம் குறைவாக இருக்கும் இடமே அதற்கு ஏற்றது. மோட்டார் குறிப்பிட்ட சில ஹெச்.பி. அளவுகளில்தான் கிடைக்கும் என்பதால், பழைய இயந்திரத்தைப் பார்த்து 2 ஹெச்.பி. என்று வைத்துக்கொண்டு ஷாஃப்ட்டையும் உருளையையும் கணக்கிட்டு, பிறகு மோட்டாரைச் சரிபாருங்கள். அது 3 ஆக மாறினால் அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி கணக்கிட்டால் போதும். மூன்றும் ஒத்துவரும்வரை சட்டத்துக்கான ஆங்கிள் இரும்பை அறுக்க வேண்டாம்.