வேலையின்மை குறைந்தால் வேலை கூடிவிட்டதா? புள்ளிவிபரம் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022ஆம் ஆண்டில் கொழும்பில் இருந்த எவருக்கும் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. வறுமை ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகியது என்று உலக வங்கி மதிப்பிட்டது.

அதே ஆண்டின் வேலையின்மை வீதம் 4.7 சதவீதம். முந்திய 2021இல் அது 5.1 ஆக இருந்தது. நாடு கடன் கட்ட முடியாமல் நின்ற வருடத்தில் வேலையின்மை குறைந்திருக்கிறது!

இதைக் கேட்டதும் சிலர் “அரசாங்கம் பொய்க் கணக்கு காட்டுகிறது” என்பார்கள். சிலர் “பார்த்தீர்களா, வேலைக்குப் பஞ்சமில்லை, செய்ய ஆள்தான் இல்லை” என்பார்கள். இரண்டு பேரும் எண்ணைத் தவறாகப் படிக்கிறார்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் தனக்குரிய வரைவிலக்கணத்தின்படி சரியாகத்தான் கணக்கிடுகிறது. அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதை நாம் பார்ப்பதில்லை, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளையை எந்தப் படிப்புக்கு விடுவது, மகன் வெளிநாடு போவதா இங்கேயே நிற்பதா என்று வீடுகளில் முடிவெடுக்கும்போது இந்த எண்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு மணித்தியாலம் போதும்

திணைக்களத்தின் அலுவலர் வீட்டுக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி எளிமையானது. குறித்த வாரத்தில் சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ, அல்லது சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலிலோ ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா? ஆம் என்றால் நீங்கள் வேலையில் இருப்பவர். இல்லை என்றால் அடுத்த கேள்விகள்: கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடினீர்களா, கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் போகத் தயாரா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் நீங்கள் வேலையற்றவர். தேடவில்லை என்றால் நீங்கள் தொழிற்படையிலேயே இல்லை.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு நாட்டாமியை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை வெங்காய லொறி வருகிறது. மூட்டை இறக்கிக் கூலி வாங்குகிறார். அதற்குப் பிறகு வியாழன் வரை லொறி இல்லை. தள்ளுவண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் வேலையில் இருப்பவர். கொட்டாஞ்சேனையில் விடிய எழுந்து இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கும் அக்காவும் அப்படியே. அண்ணனின் கடையில் சம்பளம் இல்லாமல் கல்லாவில் நிற்கும் தம்பியும், உத்தியோகம் கிடைக்கும்வரை வாரத்தில் இரண்டு டியூஷன் வகுப்பு எடுக்கும் பட்டதாரியும்கூட.

ஒரு மணித்தியாலம் என்ற இந்த விதி இலங்கை கண்டுபிடித்த தந்திரம் இல்லை. சர்வதேச தொழில் அமைப்பின் வரையறை அது, உலகம் முழுக்க இப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் வேலையின்மைக் காப்புறுதி உள்ள நாட்டில் வேலை போன ஒருவரால் சில மாதம் வீட்டிலிருந்து அடுத்த வேலையைத் தேட முடியும். இங்கே அந்த வசதி இல்லை. அடுப்பு எரிய வேண்டுமென்றால் கிடைத்ததைச் செய்தாக வேண்டும். ஆகவே 4.7 சதவீதம்தான் வேலையற்றவர் என்றால் மிச்ச 95 பேரும் நல்ல வேலையில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இலங்கையில் வேலை செய்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் முறைசாராத் துறையில்தான், அதாவது பதிவோ முறையான கணக்கோ இல்லாத தொழில்களில்தான் இருக்கிறார்கள். சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, முதலாளி 12 சதவீதம் போட்டு, ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறதா, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் போகிறதா? “வேலை இருக்கிறதா” என்பதற்கு அடுத்தபடியாக இதைத்தான் கேட்க வேண்டும்.

தோட்டத்துறையைப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். மலையகத் தோட்டங்களில் பெண்கள் வேலைக்குப் போகும் வீதம் நகரத்தைவிடவும் கிராமத்தைவிடவும் அதிகம். ஆனால் 2019ஆம் ஆண்டு திணைக்களத்தின் கணக்கில் தேசிய வறுமை 14.3 சதவீதமாக இருந்தபோது தோட்டத்துறையில் அது 33.8 சதவீதம். நாள் முழுக்கக் கொழுந்து பறித்தும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மக்களின் நிலையை வேலையின்மை வீதத்தில் தேடினால் கிடைக்காது.

பங்கேற்பு வீதத்தைப் பார்க்காமல் விடுவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான் என்பேன். வேலையின்மை வீதம் என்பது தொழிற்படைக்குள் இருப்பவர்களில் எத்தனை பேர் வேலையற்றவர் என்பது. வேலை செய்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்ததுதான் தொழிற்படை. தேடுவதை விட்டவர் வேலையற்றவர் எண்ணிக்கையிலும் இல்லை, தொழிற்படையிலும் இல்லை, கணக்கிலிருந்தே போய்விடுகிறார்.

ஒரு ஒழுங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட 100 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 45 பேர் வேலை செய்கிறார்கள், 5 பேர் தேடுகிறார்கள். தொழிற்படை 50, வேலையின்மை 10 சதவீதம். அடுத்த வருடம் அந்த ஐந்து பேரில் இருவர் அலுத்துப்போய்த் தேடுவதை விட்டுவிடுகிறார்கள். இப்போது தொழிற்படை 48, தேடுபவர் 3. வேலையின்மை 6.25 சதவீதம். யாருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, ஆனால் “வேலையின்மை பெரும் வீழ்ச்சி” என்று தலைப்புப் போட்டுவிடலாம்.

இனி உண்மையான எண்களுக்கு வருவோம். 2019இல் வேலையின்மை 4.8 சதவீதம், 2023இல் 4.7. பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். ஆனால் தொழிற்படைப் பங்கேற்பு வீதம், அதாவது 15 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு எத்தனை பேர் தொழிற்படையில் இருக்கிறார்கள் என்பது, 2019இல் 52.3, 2021இல் 49.9, 2023இல் 48.6. நான்கு வருடத்தில் 3.7 புள்ளி இறக்கம். 15 வயதுக்கு மேற்பட்டோர் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமாக உள்ள நாட்டில், 2019இன் வீதம் நீடித்திருந்தால் தொழிற்படையில் இருந்திருக்க வேண்டிய 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்குள் இல்லை. கொவிட் காலத்தில் மூடிய கடைகள், இறக்குமதித் தடையில் படுத்த வியாபாரங்கள், பஸ் கட்டணமும் சாப்பாடும் போக மிஞ்சாத சம்பளங்கள் எல்லாவற்றின் தடமும் இந்த எண்ணில் இருக்கிறது. முதியவர்களின் பங்கு கூடுவதும் ஒரு காரணம், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெளிநாடு போனவர்களின் கதை வேறு. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனதாக வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவாகியிருக்கிறது. வேலையில்லாத ஓர் இளைஞன் கட்டாருக்கு விமானம் ஏறினால் இங்கே வேலையின்மை குறைகிறது. வேலையில் இருந்த மின்னியலாளர் போய், அந்த இடத்துக்கு வேலையில்லாத ஒருவர் வந்தாலும் குறைகிறது. அந்தக் குறைவுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பிய வீடுகளுக்குத் தெரியும்.

பெண்களைப் பற்றிய அவசர முடிவு

ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் தொழிற்படையில் இருக்கும்போது பெண்களில் பத்துக்கு மூன்று பேர்தான் இருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு “பெண்களுக்கு வேலைக்குப் போக விருப்பமில்லை” என்று சொல்வதைக் கூட்டங்களில்கூடக் கேட்கலாம். வேலை தேடும் பெண்களின் வேலையின்மை வீதம் ஆண்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. விருப்பம் இல்லாதவர்கள் ஏன் தேடிக்கொண்டிருக்க வேண்டும்?

வெள்ளவத்தை அடுக்குமாடி வீடுகளில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். வணிகமாணிப் பட்டம், கணக்கியல் பரீட்சையில் பாதி, கம்பனி ஒன்றில் நாலைந்து வருட அனுபவம். பிள்ளை பிறந்தது. பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குக் கட்டணம், வீட்டுக்கு வந்து சேர இரவு ஏழு மணி, மாமிக்குச் சுகமில்லை. வேலையை விட்டார். இப்போது தேடவில்லை, ஆகவே வேலையின்மைக் கணக்கில் அவர் இல்லை. தொழிற்படைக்கு வெளியே உள்ள பெண்களில் பெரும்பான்மையோர் சொல்லும் காரணம் வீட்டுப் பொறுப்புத்தான். பாதுகாப்பான போக்குவரத்தும் கையைக் கடிக்காத பிள்ளைப் பராமரிப்பும் இருந்தால் இவர்களில் எத்தனை பேர் நாளைக்கே திரும்பி வருவார்கள்! நாட்டின் பெரிய மனிதவளம் வீட்டுக்குள் இருக்கும்போது, “ஆள் கிடைக்கவில்லை” என்று முதலாளிமார் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

“படித்தவனுக்குத்தான் வேலையில்லை”

உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே வேலையின்மை வீதம் தேசிய வீதத்தைவிடக் கூட. இது உண்மை. ஆனால் இதை வைத்துக்கொண்டு சாதாரண தரத்தோடு பையனைக் கடைக்கு விடுவது சரியான முடிவு என்று சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குறைவாகப் படித்தவரால் வேலையில்லாமல் இருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போகிறார், கணக்கில் வேலையில் இருப்பவராகிறார். பட்டதாரிக்கு வீட்டில் ஒரு தாங்கல் இருக்கிறது. ஓய்வூதியம் உள்ள அரச உத்தியோகத்துக்காக இரண்டு மூன்று வருடம் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு காலம்தான் வீதத்தை உயர்த்துகிறது. கேட்க வேண்டியது, முப்பத்தைந்து வயதில் இந்த இருவரின் சம்பளமும் எங்கே நிற்கும் என்பதையே. எந்தத் துறையில் படித்தார், ஆங்கிலமும் சிங்களமும் எவ்வளவு கைவந்திருக்கிறது என்பவையும் கொழும்பு வேலைச் சந்தையில் பட்டத்துக்குச் சமமாக எடைபோடப்படுகின்றன.

இளைஞர் வேலையின்மையும் இப்படித்தான் பிழையாகப் பேசப்படுகிறது. 15 முதல் 24 வயதினரில் வேலையின்மை 25 சதவீதம் என்றதும் நாலில் ஒரு பிள்ளை சும்மா இருக்கிறது என்று பயப்படுகிறார்கள். அந்த வயதில் பெரும்பாலானோர் படிக்கிறார்கள், அவர்கள் தொழிற்படையில் இல்லை. 100 இளைஞரில் 28 பேர் தொழிற்படையில் இருந்து அவர்களில் 7 பேருக்கு வேலை இல்லை என்றால் வீதம் 25. நூற்றுக்கு ஏழு பேர் என்பதும் கவலைக்குரியதுதான், ஆனால் நாலில் ஒருவர் என்பது வேறு விஷயம். படிப்பிலும் இல்லாமல், வேலையிலும் இல்லாமல், பயிற்சியிலும் இல்லாமல் இருப்போர் எத்தனை பேர் என்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. இளைஞர்களைப் பற்றிப் பேசுவதென்றால் அதை எடுப்பதே பொருத்தம்.

கொழும்பு மாவட்டத்தின் எண்ணும் கொழும்பில் உள்ள வேலைகளும்

திணைக்களத்தின் இந்த ஆய்வு வீடுகளில் நடக்கிறது. ஆகவே ஆட்கள் வசிக்கும் இடத்தில்தான் எண்ணப்படுகிறார்கள். காலையில் வெயங்கொடையிலிருந்தும் பாணந்துறையிலிருந்தும் ரயிலில் வந்து கோட்டையில் இறங்கும் கூட்டம் கொழும்பில் வேலை செய்தாலும், கம்பஹா, களுத்துறை மாவட்டக் கணக்கில்தான் சேரும். புறக்கோட்டைப் புடைவைக் கடைகளின் மேல்மாடியில் படுத்தெழும்பும் ஹட்டன், மஸ்கெலியாப் பையன்கள் இப்படியான வீட்டு மாதிரியில் தவறிப்போக வாய்ப்பு அதிகம். கொழும்பு மாவட்ட வேலைவாய்ப்பு கூடியது, குறைந்தது என்று செய்தி வந்தால் அது கொழும்பு வாசிகளின் நிலை. நகரத்தில் எத்தனை வேலை இருக்கிறது என்பதை அதிலிருந்து நேரடியாகச் சொல்ல முடியாது.

மாதிரியின் அளவையும் மறக்கக்கூடாது. வருடத்துக்குச் சுமார் 25,000 வீடுகள், அதை 25 மாவட்டத்துக்கும் நான்கு காலாண்டுக்கும் பிரிக்கிறார்கள். மன்னார், முல்லைத்தீவு போன்ற சிறிய மாவட்டங்களில் ஒரு வருடத்துக்கு எண் ஏறி அடுத்த வருடம் இறங்கினால் அதைப் போக்கு என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். மூன்று நான்கு வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். காலாண்டு எண் என்றால் போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். பெரும்போக அறுவடையும் சித்திரைப் புத்தாண்டு வியாபாரமும் மார்கழி விற்பனையும் வெவ்வேறு காலாண்டில் வருகின்றன. அப்புறம், 2019இன் 4.8 அடுத்த வருடம் 5.5 ஆனது 0.7 புள்ளி உயர்வு. அதை 0.7 சதவீத உயர்வு என்று எழுதினால் பிழை. சதவீதத்தில் சொன்னால் அது ஏறக்குறைய 15.

பழைய எண்களோடு ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 1990இல் வேலையின்மை 15.9 சதவீதமாக இருந்தது, இப்போது 5க்குக் கீழே என்று ஒரு கோடு கீறிக் காட்டுவது சுலபம். அந்தக் காலத்தில் 10 வயதிலிருந்தே தொழிற்படையாக எண்ணினார்கள், இப்போது 15இலிருந்து. அதைவிட முக்கியமானது, 1990களின் எண்களில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2000களில் சில ஆண்டுகளில் சேர்த்தார்கள், சில ஆண்டுகளில் வடக்கை விட்டார்கள். எல்லா மாவட்டங்களும் தொடர்ச்சியாக உள்ளே வந்தது 2011இலிருந்து. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தொழிலையும் காணியையும் இழந்து நின்றவர்கள் 1990களின் அந்த “தேசிய” வீதத்தில் எண்ணப்படவில்லை. 2011க்கு முந்திய வருடங்கள் உள்ள எந்த வரைபடத்தையும் பகிர்வதற்கு முன் அடிக்குறிப்பில் எந்த மாவட்டங்கள் விடுபட்டிருக்கின்றன என்று பார்த்து, அதையும் சேர்த்தே பகிருங்கள்.