கும்பிடுபூச்சி இணை சேராதபோது கவனிக்க வேண்டியவை

கூட்டுக்குள் விட்ட ஆண் கும்பிடுபூச்சி இரவு முழுவதும் வலையின் மூலையை விட்டு அசையாமல் இருந்தது. அல்லது விடியும்போது அதன் சிறகுகள் மட்டும் அடியில் கிடந்தன. இணை சேர்க்க முயன்றவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கும். இரண்டுக்கும் காரணத்தை அந்த ஓர் இரவில் தேடுவதைவிட, அதற்கு முந்திய இரண்டு மூன்று கிழமைகளில் தேடுவதே பலன் தரும் என்பது என் அனுபவம். இங்கே கூறுபவை, இலங்கையின் வன்னிப் பகுதி வளவுகளிலும் பற்றைகளிலும் கிடைக்கும், முன்சிறகில் வெண்புள்ளி கொண்ட ஹைரோடுலா என்னும் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சியை மனத்திற்கொண்டவை.

முதலில் சோடி உண்மையில் சோடிதானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். பூச்சியைக் கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, வயிற்றின் அடிப்புறத்தில் வளையங்களை எண்ணினால் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 8 இருக்கும். இரண்டுக்கும் வயிற்றை மூடும் முழுச் சிறகு வந்திருக்க வேண்டும். சிறகு மொட்டாக இருக்கும் பெண்ணுக்கு இன்னும் ஒரு தோலுரிப்பு மீதி உள்ளது. ஒன்று பச்சையாகவும் மற்றது மண்ணிறமாகவும் இருப்பது தடையல்ல. ஆனால் இனம் வேறாக இருந்தால் எத்தனை இரவு காத்திருந்தாலும் பயனில்லை.

அடுத்தது வயது. இறுதித் தோலுரிப்பின் பின் ஆண் ஏறத்தாழ ஒன்று, இரண்டு கிழமைகளிலும், பெண் இரண்டு முதல் நான்கு கிழமைகளிலும் ஆயத்தமாகும். ஒரே முட்டைக்கூட்டிலிருந்து வந்தவற்றில் ஆண்கள் குறைந்த தடவைகளே தோலுரிப்பதால் முந்தி வளர்ந்துவிடும். பெண் ஆயத்தமாகும் நேரத்தில் அவை கிழடாகி, நகங்கள் தேய்ந்து, உணர்கொம்பு முறிந்து நிற்கும். ஆகவே ஆண்களுக்குச் சிறு வயதிலிருந்தே இரையைச் சற்றுக் குறைத்துக் குளிர்ச்சியான இடத்திலும், பெண்களுக்குத் தாராளமாகக் கொடுத்து வெதுவெதுப்பான இடத்திலும் வளர்த்தால் இடைவெளி சுருங்கும். தகரக் கூரையின் கீழே மட்டும் எதையும் வைக்க வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களின் நண்பகல் வெக்கையில் பூச்சி இணை தேடாது, உயிர் தப்பவே பார்க்கும்.

பெண்ணின் பசிதான் எல்லாவற்றிலும் பெரிய விடயம். என்னிடம் இருந்த முதற் பெண், வளர்ந்த ஒன்பதாம் நாளில் வயிறு தட்டையாக இருக்கும்போதே, ஆண் சாகப்போகிறதே என்ற அவசரத்தில் நான் அதை உள்ளே விட்டேன். ஒரு கணம் பெண்ணின் தலை திரும்பியது. முன்கால்கள் விரிந்ததை நான் காணவில்லை, மூடியதைத்தான் கண்டேன். அதன் பிறகு, பெண்ணின் வயிறு பக்கவாட்டில் புடைத்து, சிறகின் விளிம்புக்கு வெளியே தெரியும்வரை நான் ஆணைக் காட்டுவதேயில்லை. கரப்பான், வெட்டுக்கிளி, விட்டில், இலையான் எதுவும் இரையாகும். மருந்து அடித்த வயலிலிருந்து பிடித்த வெட்டுக்கிளியை மாத்திரம் கொடுக்காதீர்கள். நெற்காலத்தில் நல்ல பெண் பூச்சிகள் காரணம் தெரியாமல் கால் நடுங்கிச் சாவதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

வயிறு நிறைந்த பெண் ஆயத்தமாகிவிட்டதை நாட்காட்டி சொல்லாது, பூச்சியே சொல்லும். இருட்டிய பின் மங்கிய ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், பெண் வயிற்றின் நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, முதுகுப்புறத் தகடுகளுக்கிடையே இடைவெளி தெரியும்படி தொங்கிக்கொண்டிருக்கும். ஆணை வரவழைக்கும் வாசனை அப்போதுதான் வெளியாகிறது. வாசனை பரவக் காற்றோட்டம் தேவை என்பதால் மூடிய கண்ணாடித் தொட்டி இதற்கு உதவாது. நுளம்பு வலையால் நாலு பக்கமும் அடைத்த, இரண்டடிக்கு மேல் உயரமான கூடு நல்லது. வலையில் கால் பிடிக்கும், ஆண் தப்பி ஏறவும் இடமிருக்கும். அறையில் மின்குமிழ் எரிந்தால் ஆண் பெண்ணை விட்டு வெளிச்சத்தையே சுற்றும். விறாந்தை விளக்கில் வந்து முட்டும் கும்பிடுபூச்சிகளில் பலவும் ஆண்களாக இருப்பது இதனால்தான்.

சேர்க்கும் மாலையில் பெண்ணுக்கு ஒரு பெரிய இரையை ஈர்க்கு நுனியில் பிடித்துக் கொடுத்து, அது மெல்லத் தொடங்கிய பின், ஆணைப் பின்புறமாக, ஓர் அடி தள்ளி, பெண்ணின் தலைக்கு நேரே வராதபடி ஒரு சுள்ளியில் ஏற்றிவிடுங்கள். ஆண் உறைந்து நிற்பதைப் பயம் என்று எண்ணி விரலால் தள்ளக் கூடாது. உணர்கொம்புகள் இரண்டும் பெண்ணை நோக்கி நீண்டிருந்தால் அது கவனிக்கிறது. காற்றில் இலை அசையும்போது மட்டும் ஓரடி வைத்து, இப்படியே மணிக்கணக்கில் நெருங்கும். உணர்கொம்பு இழந்த ஆண் வாசனையை அறியாமல் நிற்கும் என்பதால் வேறு ஆணைத் தேடுவதே வழி.

ஏறிய பின் வரும் சிக்கல்கள் குறைவு, ஆனால் பொறுமையைச் சோதிப்பவை. ஆண் தலைகீழாக, பெண்ணின் வால்பக்கம் முகம் வைத்து ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் தானே திரும்பிக்கொள்ளும். ஒரு நாள் முழுவதும் முதுகில் சும்மா இருக்கும் ஆணும் உண்டு. அன்றிரவே அது வயிற்றை, பெரும்பாலும் வலப்புறமாக, வளைத்து இணையக்கூடும். இணைந்திருக்கும்போது பெண் ஆணின் தலையைக் கடித்துவிட்டாலும் இழுத்துப் பிரிக்காதீர்கள். ஆணின் தலையிலுள்ள நரம்பு முடிச்சு இணைசேரும் அசைவுகளை அடக்கி வைக்கிறது என்றும், தலை போனால் அந்த அடக்கு நீங்கி வயிறு தன்பாட்டில் இயங்குகிறது என்றும் அமெரிக்கப் பூச்சி ஆய்வாளர் கென்னத் ரோடர் 1935இல் காட்டினார். அதனால் ஆண் போனாலும் வேலை முடியலாம்.

பிரிந்த உடன் ஆணை வெளியே எடுத்துவிட்டு, பெண்ணின் வயிற்று நுனியைப் பாருங்கள்: வெண்மையான சிறு பொதி ஒட்டியிருந்தால் விந்து சேர்ந்துவிட்டது. பெண் அதைப் பின்னர் உதிர்த்துவிடும் அல்லது தின்றுவிடும். பொதி தெரியாவிட்டால் இரண்டு நாள் பெண்ணுக்கு நன்றாக இரை கொடுத்து மீண்டும் முயலலாம். முட்டைக்கூடு வந்துவிட்டது என்பதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம், ஏனெனில் இணை சேராத பெண்ணும் கூடு கட்டும். ஹைரோடுலாவில் அதிலிருந்து எதுவும் வெளிவராது. சேர்ந்த பெண்ணோ ஒரே சேர்க்கையில் பல கூடுகள் இடும். அதன் வயிறு பெருத்தும் இடாமல் அலைந்தால், சொரசொரப்பான சுள்ளி ஒன்றை நிறுத்தி, மாலையில் வலையில் நீர் தெளித்துப் பாருங்கள். வலைக்கூட்டின் கால்களை நீர் நிறைத்த சிரட்டைகளில் நிறுத்த மறக்காதீர்கள். எறும்பு முட்டைக்கூட்டைக் கண்டுவிட்டால் அத்தனை இரவின் காவலும் ஒரு பகலில் வீணாகும்.